மிளகாயோடு காயப்போட்ட படம்

ஜூன் 14, வெள்ளி

புளித்த வாடை அடித்தால் வேறு என்னதான் செய்வார்கள், நீயே சொல்லு இருக்கன்குடித் தாயே. மாவு புளித்தால் தோசையாக ஊற்றிவிடலாம். ஊறுகாய் ஒரு மாதிரி வாடை அடித்தால் ஜாடியோடு வெயிலில் வைக்கலாம். இது என்ன பண்டம் என்றே எனக்குத் தெரியாது. தகர டப்பாவைத் திறந்ததும் மூக்கைக் குத்துகிற காடி வாடை. பிள்ளைத்தாய்ச்சி திரும்பி வரப்போகிற வீட்டில், அதுவும் வெள்ளிக்கிழமை, அப்படி ஒரு வாடை இருக்கலாமா?

சங்கரியை நேற்றுக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எட்டாம் மாசம், ரத்தக்கொதிப்பு கூடிவிட்டது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம். மாப்பிள்ளை காளிராஜ் அவள்கூடவே இருக்கிறார். அமெரிக்காவில் இந்த ஒகையோ வீட்டில் நான் மட்டும். அக்கா இருந்தால் அவள் வந்திருப்பாள் மகள் பிரசவத்துக்கு. இல்லாததால் சித்தி நான் விமானம் ஏறி வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. வண்டி எல்லாம் தெருவின் அந்தப் பக்கம் போகிறது. விளக்கு சுவிட்சை மேலே தட்டினால்தான் எரிகிறது. எல்லாமே மாற்றி வைத்த ஊர்.

சங்கரிக்குப் பழைய சினிமாச் சுருள்களைப் பழுது பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸில் வேலை. அலையக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், வேலையைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்துவிட்டாள். அந்த மேசை மேல்தான் டப்பா இருந்தது.

உள்ளே வட்டமாகச் சுற்றிய பிலிம். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அவள் வருவதற்குள் சுத்தமாக்கி வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அதுதான் நினைத்தேன், வேறில்லை. வெந்நீரில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் துடைத்தேன். முதல் ஒரு முழத்தில் வெறும் எழுத்துதான், சுத்தமாக இருந்தது, அதை விட்டுவிட்டேன். மிச்சத்தில் எவ்வளவு அழுக்கு என்கிறாய். துணி கறுப்பாகிவிட்டது. மூன்று தரம் அலசினேன்.

துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முழத்தையும் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நகத்தளவு நகத்தளவாகப் படம். ஒரு நீளமான கொட்டகை. நடுவில் பந்திப் பாய் விரித்தது போல ஒரு சாமான், இரண்டு பக்கமும் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, அது விமானத்தின் இறக்கை. மரச்சட்டம் கட்டி, அதற்குத் தலையணை உறை போடுகிற மாதிரி துணி மாட்டித் தைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி விமானத்துக்குத் துணி இறக்கைதானாம், சங்கரி சொல்லியிருக்கிறாள். நான் ஏறி வந்ததும் துணியோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அவளைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர்க்காரி போலவே தோன்றியது. ஏனென்று தெரியவில்லை. வெள்ளைக்காரிதான்.

பின்பக்க மரத்தளத்தின் கைப்பிடி நெடுகப் பிலிமை விட்டு, துணி கிளிப்பு போட்டேன். பக்கத்திலேயே மோர் மிளகாய்த் தட்டு. நல்ல வெயில். சாயங்காலம் எடுக்கும்போது பிலிம் சேலைக் கரை சுருண்டது போலச் சுருண்டு மொடமொடவென்று இருந்தது. சுற்றி உள்ளே வைத்து மூடினேன். டப்பாவை முன்பு இருந்த அதே மூலையில், மூடியில் ஒட்டிய சீட்டு சன்னலைப் பார்க்க, அப்படியே வைத்தேன். ஏன் அப்படி வைத்தாய் என்று கேட்காதே.

இது உன் பெயர் எழுத வாங்கிய நோட்டு. ஓம் சக்தி நூற்றெட்டும் எழுதிவிட்டுத்தான் இந்தக் கதையைக் கீழே எழுதுகிறேன்.

ஜூன் 15, சனி

காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவில் பாதிக்குக் கண்ணாடி. அதில் 53 என்று வீட்டு நம்பர் ஒட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால் யாரோ கிறுக்கினது போல இருக்கிறது. பதினொரு மணிக்குக் கார் வந்தது. சுற்றிப் போட்டேன். உப்பு வெடிக்கவில்லை, அடுப்பு கரண்டு அடுப்பு.

சங்கரி கொஞ்சம் வீங்கியிருக்கிறாள். மேசையைப் பார்த்துவிட்டு, "என்ன சித்தி, வீடே மிளகா வாசமா கெடக்கு," என்றாள். நல்லது என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

டப்பாவைத் திறந்தாள்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் வளைத்தாள், முறுக்கு மாதிரி ஒடிந்தது. அதற்கு அப்புறம் வளைக்கவில்லை.

"படமே இல்ல சித்தி. எல்லாம் வெளுத்துப் போச்சு."

"பழசுல்ல தாயி."

"பழசுதான். ஆனா போன வாரம் இருந்துச்சு. சுருங்குறதுக்கு முன்னால ஏத்திடலாம்னு நெனச்சேன்." கையால் நெற்றியைத் தேய்த்தாள். "கார் டிக்கியில வச்சு மறந்துட்டேன். பன்னெண்டாம் தேதி. முழுப் பகலும் வெயில்ல கெடந்துச்சு. என் தப்பு. எந்தலையிலதான் விடியணும்."

வாயைத் திறந்தேன் தாயே. திறந்தது உனக்குத் தெரியும். அதிலிருந்து வந்தது, "சாப்பிட்டுட்டுப் பாரு கண்ணு," என்பதுதான்.

எழுத்து மட்டும் இருந்த அந்த முதல் முழம் தப்பியிருந்தது. அதைப் படிக்க என்னை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். "மாத்திப் பிடிச்சிருக்கீங்க சித்தி. கண்ணாடியில பாக்குற மாதிரி எல்லாம் எடம் வலமா தெரியுது பாருங்க. பளபளப்பு எந்தப் பக்கம்னு பாத்துப் பிடிக்கணும்," என்று என் கையைத் திருப்பிவிட்டாள். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் தேவலை.

யாருடைய படம் என்று கேட்டேன். வில்மா என்று ஒரு கிழவி. எண்பத்தெட்டு வயசு, கார்ப் பயணத்தில் இருபது நிமிஷம். அவளுடைய அம்மா 1918-ல் இங்கே ஒரு விமானக் கம்பெனியில் இறக்கை தைத்தவளாம். கம்பெனிக்காரர்களே எடுத்த படம். வேறு பிரதி கிடையாது. இந்த வருஷம்தான் யாரோ சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தது. வில்மாவுக்கு நாலு வயசாகும்போதே அம்மா இறந்துவிட்டாள். வீட்டில் இருக்கிற ஒரே கல்யாணப் படத்திலும் முகம் அழிந்து போயிருக்கிறதாம்.

"அவுக இன்னும் ஒரு தடவகூட இந்தப் படத்தப் பாக்கல சித்தி," என்றாள்.

ஜூன் 19, புதன்

நூற்றெட்டு எழுதவில்லை. நாற்பதில் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

வீட்டிலேயே கையில் பட்டை கட்டி ரத்தக்கொதிப்பு பார்க்கிற கருவி இருக்கிறது. மேலே 148 என்று காட்டியது. நூற்றைம்பதைத் தொட்டால் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். மனசுக்குக் கஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சங்கரி வில்மாவுக்கு எழுதுகிறேன் என்று எழுதுகிறாள், அழிக்கிறாள். ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தன் தப்பு என்றே சொல்லிவிட்டாள். இனிமேல் வீட்டுக்குச் சாமான் தர மாட்டார்களாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை மோர் மிளகாயை நாலாவது தடவையாகப் போட்டுக்கொண்டார்.

"அத்தை, ஊர்ல காயப்போட்டாக்கூட இந்த ருசி வராது. அப்படி என்ன பக்குவம் பண்ணுனீங்க?"

"வெயிலுதான் மாப்பிள்ளை."

"வெயிலு எல்லா ஊர்லயும் ஒரே வெயிலுதான. கை ராசிங்க," என்றார். சங்கரி சிரிக்கவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அக்கா தலை சுற்றுகிறது என்று சொன்னபோது, பிள்ளைகளிடம் சொல்லாதே என்றாள். நானும் சொல்லவில்லை. எட்டே நாள், போய்விட்டாள். அதை இங்கே எழுத வரவில்லை. இன்றைக்குக் கொள்ளு ரசம் வைத்தேன், நன்றாக வந்தது.

ஜூன் 28, வெள்ளி

வில்மாவே போன் பண்ணினாள். சங்கரி எடுக்காமல் அடிக்க விட்டுவிட்டாள். அப்புறம் வில்மா பேசிப் பதிந்து வைத்ததைப் போட்டுக் கேட்டாள். இங்கிலீஷ் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் அந்தக் குரலில் 'பேபி' என்று இரண்டு தரம் கேட்டது.

"என்னவாம்?"

"படத்துக்கு அவசரமில்லையாம். முதல்ல பிள்ளையப் பாத்துக்கச் சொல்றாக."

விளக்கு ஏற்ற முடியவில்லை இன்றைக்கு. தீக்குச்சி மூன்றும் ஒடிந்தது. அது என்னவோ உன்னுடைய வேலை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் பட்டை கட்டினால் 152. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்தார். சங்கரி ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னாள், மாத்திரையைக் கூட்டிப் போடச் சொல்லி, மத்தியானம் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா உட்கார்ந்திருந்த அதே உட்காரல்.

"சங்கரி, அந்த டப்பாவ நான் தொறந்தேன்."

"எந்த டப்பா?"

"வாடை அடிச்சதே, அது. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. தொடச்சு வெயில்ல போட்டேன்."

என்னையே பார்த்தாள். "எதால தொடச்சீங்க?"

"வெந்நிதான் தாயி. சோப்புப் போடல." சோப்புப் போடாததைப் பெரிய புண்ணியம் போலச் சொன்னேன்.

"துணி கறுப்பாச்சா?"

"ஆச்சு."

"அழுக்குன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"அது அழுக்கில்ல சித்தி. அதுதான் படம்."

இதை எழுதும்போதும் அந்த வேட்டித் துணிதான் கண்ணில் நிற்கிறது. மூன்று தரம் அலசினேன் தாயே. தொட்டியில் ஊற்றி, மேலே தண்ணீரும் விட்டேன்.

சங்கரி சொன்னாள். "பதினாலு நாளா என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். பாத்துக்கிட்டே இருந்தீங்க. ரசம் வச்சுக் குடுத்தீங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான, பாத்துக்கிட்டே இருந்தீங்க."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையல்கட்டில் நின்றேன். பால் பொங்கி அடுப்பு முழுக்க ஓடியது, துடைத்தேன். துடைப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

ஒரு மணி நேரம் இருக்கும். கதவு திறந்தது.

"தொடைக்கிறதுக்கு முன்னால படத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு முழம் விடாம."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப அந்தப் படத்தக் கடைசியா பாத்த ஆளு இந்த ஒலகத்துல நீங்கதான். வில்மாகிட்ட வந்து நீங்களே சொல்லுங்க."

மத்தியானம் பட்டை கட்டினோம். 136. மாத்திரை வேலை செய்கிறது என்றாள்.

ஜூலை 6, சனி

வில்மா வீட்டுக்கு மாப்பிள்ளை கொண்டுபோய் விட்டார். அவர் காரிலேயே இருந்துகொண்டார். கிழவி உயரமானவள், நான்கு கால் வண்டி பிடித்து நடக்கிறாள். சங்கரி வயிற்றைப் பார்த்ததும் தன் நாற்காலியையே கொடுத்தாள். எனக்கு எலுமிச்சை போட்ட பலகாரம். சனிக்கிழமை ஒரு பொழுது என்று சொல்ல மனமில்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சங்கரி பேச ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு சொல்லாகக் காதைத் தீட்டிக் கேட்டேன். சாரி என்றது புரிந்தது. ஆக்சிடென்ட் என்றது புரிந்தது. 'வீ, வீ' என்றே சொல்லிக்கொண்டு போனாள். ஆன்ட்டி என்ற சொல் வரவேயில்லை. என்னை மறைக்கிறாள். அவ்வளவு பேசியவள், கடைசியில் என்னை மறைக்கிறாள்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். நெஞ்சில் கை வைத்து, "ஐ," என்றேன். "நோ வீ. ஐ. வாட்டர். சன்." துடைப்பதற்கு இங்கிலீஷ் தெரியாமல் கையால் துடைத்துக் காட்டினேன்.

வில்மா என்னையும் என் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். கிழவி திட்டவில்லை. சன்னல் பக்கம் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"என்ன பாத்தீங்கன்னு கேக்குறாக," என்றாள் சங்கரி.

சொன்னேன். கொட்டகை, இறக்கை, பந்தி வரிசை, வளைந்த பெரிய ஊசி, குனிந்த தலைகள். முன்வரிசையில் நிமிர்ந்து சிரித்தவளைப் பற்றிச் சொன்னேன். பல்லில் நூல், தலையில் வெள்ளைத் துணி, கன்னத்தில் குழி. கிழவி வாயில் கை வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் கன்னத்தில் குழி இருக்கிறது, இந்த வயசிலும் விழுகிறது.

அப்புறம் ஏதோ கேட்டாள். சங்கரி உடனே தமிழில் சொல்லவில்லை.

"என்னடி கேக்குறாக?"

"ஊசிய எந்தக் கையில பிடிச்சிருந்தாங்கன்னு. அவுக அம்மா எடது கைக்காரவுகளாம். பள்ளிக்கூடத்துல கையக் கட்டிப் போட்டும் மாறலயாம். அம்மாவப் பத்தி அப்பா சொன்னதுல அவுகளுக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதானாம்."

நாற்பது வருஷம் ரவிக்கை தைத்தவள் நான். ஒருத்தி தைப்பதைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பேன். கண்ணை மூட வேண்டியதே இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சித்தி," என்றாள் சங்கரி. இடது என்று சொல்லுங்கள் என்றுதான் அவள் கண் கெஞ்சியது. எனக்கும் ஆசைதான் தாயே. ஒரு சொல். யார் வந்து பார்க்கப் போகிறார்கள், படம்தான் இல்லையே.

ஆனால் ஏற்கெனவே ஒன்றை மறைத்து பதினாலு நாள் பார்த்தாயிற்று.

"வலது கை," என்றேன். என் வலது கையையும் தூக்கிக் காட்டினேன்.

வில்மா தலையை ஆட்டினாள். மெதுவாக, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. ஏதோ சொன்னாள். "அப்ப அது வேற யாரோ. பரவாயில்ல, சிரிச்ச மொகமா இருந்தாங்களே," என்று சங்கரி மாற்றிச் சொன்னாள். அதற்கு மேல் கிழவி ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் மடியில் இருந்த பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வாசல்வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

படத்தையும் பறித்தேன். அவளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்த அம்மாவையும் பறித்தேன். பொய் சொல்லாததற்கு உன்னிடம் ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சங்கரி பேசுகிறாள். தேவைக்குப் பேசுகிறாள். கால் பிடித்துவிடட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். அப்புறம் தானே காலை நீட்டினாள்.

ஜூலை 21, ஞாயிறு

பெண் குழந்தை. அதிகாலையில் வலி கண்டு, பத்தரைக்குப் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாப்பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார், நான் விலகிக்கொண்டேன். உனக்கு மாவிளக்கு வேண்டியிருக்கிறேன், ஊருக்கு வந்ததும் போடுகிறேன்.

நூற்றெட்டும் எழுதினேன்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. இருக்கன்குடியில் இந்நேரம் உன் கோயில் ஆற்று மணலில் கூட்டம் நெரியும். இங்கே கம்மங்கூழுக்குக் கம்பு கிடைக்கவில்லை, ஓட்ஸில் காய்ச்சி உனக்கு வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

வில்மா பிள்ளைக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். அவளே பின்னிய தொப்பி, வெள்ளை நிறம். கூடவே ஒரு சீட்டு. அதில் என் பெயரும் இருந்தது, 'சீனியம்மாள்' என்று முழுசாக, இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள். சங்கரி படித்துச் சொன்னாள். "சிரிச்ச அந்தப் பொண்ண அடிக்கடி நெனச்சுக்குறாகளாம். யாரா இருந்தாலும் அம்மா பக்கத்துல உக்காந்து தச்சவதானன்னு எழுதியிருக்காக."

தொப்பியின் பின்னலைத் தடவிப் பார்த்தேன். நல்ல நெருக்கம்.

சங்கரி தூங்குகிறாள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கையால்தான் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். மத்தியான வெயில் வாசல் கண்ணாடியில் விழுந்து, அந்த 53-ன் நிழல் என் சேலை மேல் கிடக்கிறது. சேலையில் நேராக இருக்கிற மாதிரி இருக்கிறது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் திருப்பிப் போட்ட மூன்று, திருப்பிப் போட்ட ஐந்து. உள்ளேயிருந்து பார்க்கிறேன் அல்லவா, அதனால்.

மாற்றிப் பிடித்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும் என்று சங்கரி என் கையைத் திருப்பிவிட்டாளே. அன்றைக்கு வெயிலில் எந்தப் பக்கமாகப் பிடித்தேன்? பளபளப்பு எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது? எனக்கு அப்போது பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. மாற்றிப் பிடித்திருந்தால் எனக்கு வலது கையாகத் தெரிந்தது, சிரித்தவளுக்கு இடது கை. ஆனால் மாற்றித்தான் பிடித்தேன் என்பதற்கு என்ன சாட்சி? நான் சொல்லி இனி யார் நம்புவது? எனக்கே நான் சாட்சி ஆகவில்லை.

அவள் மட்டும் ஏன் எனக்கு நம்ம ஊர்க்காரி போலத் தெரிந்தாள் என்று அன்றைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். அவள் தைத்தது என்னைப் போலவே வலது கையால். அதனால்தான். மற்றவர்கள் கையையும் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா. சுவிட்சையே தலைகீழாகப் போடுகிற ஊர், தைப்பதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

அந்தக் கொட்டகையில் அவளைத் தவிர அத்தனை பெண்களும் இடது கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள்.